நோட்டை எந்த வைரஸும் படிக்காது

“இந்தக் கம்ப்யூட்டரை வீட்ல யார் யார் தொடுவீங்க?” என்று கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த முதல் நாள் அவர் கேட்டார்.

எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார். கடைசியாக அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. நான் துடைக்கும் துணியோடு சுவரோரமாக நின்றிருந்தேன். எனக்குப் பதிலாக அம்மா சொன்னாள்: “அவ தொடமாட்டா சார். தூசி மட்டும் துடைப்பா.”

அன்றைக்கு அது உண்மைதான். அந்தக் கேள்விக்கு நானே சொல்ல வேண்டிய பதில் மூன்று வருடமாகத் தொண்டையில் தங்கிவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் எனக்குத் தடங்கல் கிடையாது.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர், அதற்கு எதிரே அம்மாவின் தையல் மெஷின். கடையில் வாங்கிய சட்டையையும் பேண்டையும் அளவு குறைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அப்பா மருந்துக் கிடங்கில் காவல். அக்கா ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வாசல் மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். நான் வீட்டில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள், குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், பிறகு போகவில்லை. ஆசிரியையிடம் போய் விஷயத்தைச் சொன்னது அக்காதான்.

எனக்காகப் பேசுவது எப்போதும் அக்காதான். கடையில், “அவளுக்கு நீல நூல் வேணுமாம்” என்பாள். மருத்துவரிடம், “அவளுக்கு இடது பக்கம் வலிக்குது” என்பாள். இடது பக்கம் என்று நான் அவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்குள் அவளோடும் அம்மாவோடும் தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை பேசுவேன். “இவ நாளைக்கு இத்தன வார்த்தைதான்னு ரேஷன் வச்சிருக்கா” என்று அக்கா கிண்டல் செய்வாள். வெளியாட்கள் முன்னால் அந்த ரேஷனும் கிடையாது. அம்மா என்னை வாயில்லாப் பூச்சி என்பாள். பாசமாகத்தான்.

கம்ப்யூட்டர் பார்க்க வந்தவருக்கு அக்கா வைத்த பேர் தும்மல். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஏழெட்டுத் தடவை விடாமல் தும்முவார். முதல் நாள் தும்மி முடித்துவிட்டு, “வெளிய மட்டும் துடைச்சா போதுமா? தூசி எல்லாம் உள்ள குடித்தனம் பண்ணுதே” என்றார். அப்பா சிரித்தார். நான் அன்றிலிருந்து உள்ளேயும் துடைக்கக் கற்றுக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி உண்மையான வியாதி. அக்கா சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு, ரத்தத்தைப் பரிசோதிக்கிறவளாக ஆசைப்பட்டாள். வேறு ஊரில் ஒரு பயிற்சி நிலையம், இரண்டு வருடப் படிப்பு, விடுதியில் தங்க வேண்டும். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய போட்டோ இன்ன அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். போட்டோவைச் சுருக்கித் தர இலவசமாக ஒரு புரோகிராம் இணையத்தில் கிடைத்தது. அக்கா அதை இறக்கினாள். அது போட்டோவை அழகாகச் சுருக்கிக் கொடுத்தது. அக்கா அதற்கு வாயார நன்றி சொன்னாள். நாலு நாள் கழித்துக் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்ந்தது. கேட்காத விளம்பரங்கள் வந்து விழுந்தன. அக்காவின் பேரில் அவளுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அசிங்கமான மெயில் போயிற்று. பரிசோதனை நிலைய முதலாளிக்கும் ஒன்று போயிற்று.

“இது ட்ரோஜன்” என்றார் தும்மல். “திருடன் ஜன்னலை உடைச்சுக்கிட்டு வந்தா சத்தம் கேக்கும். இது அப்படி வராது. ஏதாவது ஒரு நல்ல வேலை செஞ்சு குடுக்கறேன்னு வாசல்ல வந்து நிக்கும். நீங்களே கதவைத் திறந்து விடுவீங்க.”

“அப்ப நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேனா?” என்றாள் அக்கா.

“ஆமா. நடுவீட்ல பாய் விரிச்சு.”

அவர் வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். நான் துணியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் இணையக் கேபிளைப் பிடுங்கினார். “உள்ள இருக்கறவன் வெளிய இருக்கறவனோட பேசிக்கிட்டே இருப்பான். மொதல்ல அந்தப் பேச்சை நிறுத்தணும்.” பிறகு சேஃப் மோடு என்று ஒன்றில் கம்ப்யூட்டரை எழுப்பினார். “அவசியமான ஆளுங்களை மட்டும் எழுப்பறோம். மத்தவங்க தூங்கட்டும். அப்பதான் யார் வீட்டு ஆள், யார் வெளியாள்னு தெரியும்.” தொடங்கும்போதே ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. “பாருங்க, பேர் வீட்டு ஆள் மாதிரியே வச்சிருக்கான்.” அதை நிறுத்தினார், அது ஒளிந்திருந்த இடத்தைத் தேடி அழித்தார். பென் டிரைவில் கொண்டுவந்த கருவியால் ஸ்கேன் செய்தார். திரும்ப எழுப்பி இன்னொரு தடவை ஸ்கேன் செய்தார். ஒன்றும் இல்லை. கடைசியாக, அக்காவின் பாஸ்வேர்டுகளை எல்லாம் தன்னுடைய லேப்டாப்பில் வைத்து மாற்றச் சொன்னார்.

“இனிமே பாஸ்வேர்டை மெஷினுக்குள்ள சேத்து வைக்காதீங்க. ஒரு நோட்ல எழுதி வைங்க. நோட்டை எந்த வைரஸும் படிக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, “இவகிட்ட குடுங்க சார். எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். யார்கிட்டயும் வாயத் திறக்கவும் மாட்டா” என்றாள்.

பள்ளியை விட்டபோது மிச்சமான நோட்டுகள் என்னிடம் அலமாரியில் இருந்தன. புவியியல் நோட்டில் நாலே பக்கம்தான் எழுதியிருந்தேன். ஐந்தாவது பக்கத்தில் அக்காவின் பாஸ்வேர்டுகளை எழுதினேன். “திருடன் வந்தாலும் புவியியலைத் தொடமாட்டான்” என்றார் அப்பா.

மெஷின் அன்றைக்கே சுத்தமாகிவிட்டது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தும்மல் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் எந்த வைரஸும் ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்த நாட்களில் அக்கா எனக்குப் பேசப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தன் பட்டன் போனில் ஏதாவது நம்பரைப் போட்டு என் காதில் வைப்பாள். “கேஸ் கம்பெனி. சிலிண்டர் வேணும்னு சொல்லு. ரெண்டே வார்த்தை.” மறுமுனையில் ஒருவர், “ஹலோ, ஹலோ, யாருங்க, பேசுங்க” என்பார். பிறகு திட்டிவிட்டு வைத்துவிடுவார். அக்கா கோபித்ததே இல்லை. “சரி, நாளைக்கு. நான் ஊருக்குப் போறதுக்குள்ள உன்கிட்டயிருந்து ஒரு ஹலோவாவது வாங்கிடறேன்” என்பாள்.

அவள் நல்ல எண்ணத்தில் சொன்னாள். நான் நியாயமாக யோசித்தேன். அவள் போக வேண்டியிருப்பதால்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. அவள் போகாவிட்டால் நான் பேச வேண்டியதில்லை.

முதல் தடவை நான் மெயிலைப் படிக்க மட்டும்தான் செய்தேன். காலை பதினொரு மணி. அம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். புவியியல் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. உள்ளே அக்காவுக்கு வந்த கடிதங்களும் அவள் எழுதியவையும் இருந்தன. அவள் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் “வணக்கம். நலம், நலமறிய ஆவல்” என்றுதான் தொடங்குவாள். கடைசி வரியில் ஒரு புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைப்பாள். படித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. படித்தவற்றைப் படிக்காதவை என்று மாற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

பிறகு தினமும் பதினொரு மணிக்குத் துடைத்தேன்.

மூன்றாவது வாரம் பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு இன்ன தேதியில், இன்னின்ன சான்றிதழோடு வரவும் என்று. அதை நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு வார்த்தை விடாமல் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகுதான் அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். அடியோடு அழிக்க வேண்டுமென்றால் கூடையையும் பார்க்க வேண்டும் என்பது தும்மல் சொன்னது.

தேதி வந்தது, போயிற்று. அக்கா காத்திருந்தாள். ஒரு நாள் நிலையத்துக்குப் போன் செய்தாள். “அனுப்பினோமே, நீங்கதான் வரல” என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்த்தபடி நின்றாள்.

“அது இன்னும் போகலம்மா. உள்ளயேதான் இருக்கு” என்றாள்.

வைரஸ் என்று நான் சொல்லவில்லை. இந்த மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

தும்மல் வந்தார். இந்தத் தடவை தும்மவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இந்த வீட்டு மெஷினைத் திறந்தா மட்டும்தான் எனக்குத் தும்மலே வரல. யார் துடைக்கறது?” என்றார். அம்மா என்னைக் காட்டினாள். “கெட்டிக்காரி” என்றார். பள்ளியை விட்ட பிறகு யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சொன்னவருக்கு நான் செய்ததை நினைக்கும்போது இந்த வார்த்தையையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

அவர் அரை நாள் தேடினார். “மெஷின் சுத்தமா இருக்குங்க. சத்தியமா ஒண்ணுமில்ல.”

“அப்ப என் லெட்டர் எங்க?” என்றாள் அக்கா.

அவர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் துடைத்து, முதலிலிருந்து புதிதாக ஏற்றினார். அக்காவும் நானும் சின்ன வயதில் எடுத்த போட்டோக்கள் அதில் போய்விட்டன. ஒரே பாவாடைத் துணியில் இரண்டு கவுன் தைத்துப் போட்டு நிற்போம். அவை போனதற்கு நான் உண்மையாகவே வருந்துகிறேன். அது என் கணக்கில் இல்லாதது.

போவதற்கு முன் ஒன்று செய்தார். தான் வேலை பார்க்கும் கடையில் உட்கார்ந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் போட்டார். “ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணுங்க. நீங்க சரின்னு அமுக்கினா நான் அங்கயிருந்தே பாத்துடறேன். வந்து போற அலைச்சல் மிச்சம்.” அக்கா சரி என்றாள். அவர்கள் இருவரும் வாசலில் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல அவர் சிரித்தார். வெகுநாள் கழித்து அவளும் சிரித்தாள்.

பயிற்சி நிலையத்தில் நல்லவர்கள் இருந்தார்கள். நடந்ததை விளக்கி அக்கா எழுதியதும், அடுத்த பேட்ச்சில் இடம் தருகிறோம், நேர்முகம் வேண்டாம், உறுதி செய்து எழுதினால் போதும் என்று பதில் போட்டார்கள். அப்போது அக்காவே உட்கார்ந்து படித்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று மாலையே உறுதி செய்து எழுதினாள். “இதான்டி கடைசி பஸ்” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அது தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. தெரியும்.

அவள் பெட்டி வாங்கினாள். சக்கரம் வைத்த நீலப் பெட்டி. அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் போன் பயிற்சி நாளுக்கு மூன்று நம்பர் ஆயிற்று.

ஒரு பதினொரு மணிக்கு நான் பயிற்சி நிலையத்துக்கு எழுதினேன். “வணக்கம். நலம், நலமறிய ஆவல். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் சேர இயலவில்லை. என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்து உதவுங்கள்..” இரண்டு புள்ளி வைத்தேன். மறுநாளே பதில் வந்தது. வருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறோம், உங்கள் குடும்பம் நலம் பெற வேண்டுகிறோம் என்று. நான் சொன்ன ஒன்றுக்கு வெளியாள் ஒருவர் மரியாதையாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. நாலைந்து தடவை படித்தேன். அக்கா எனக்காகப் பேசியே பழகியவள். அன்றைக்கு நான் அவளுக்காகப் பேசினேன். இரண்டையும் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு அழித்தேன்.

சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு அக்கா விடுதி விவரம் கேட்கப் போன் செய்தாள். அவர்கள் சொன்னதைக் கேட்டு அவள் முகம் வெளுத்தது. “நானா? நான் எழுதலயே. அந்த லெட்டரை எனக்கு அனுப்புங்க, இப்பவே அனுப்புங்க” என்றாள். போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடிதம் வந்து விழுந்தது. படித்தாள்.

“இது நான் எழுதற மாதிரியே இருக்கேம்மா” என்றாள். குரல் என் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது.

அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைத் தூக்கித் தும்மல் தலையில் வைத்தது அம்மாதான், நான் இல்லை. “அவருக்குத்தான் உள்ள வர வழி இருக்கே. கடையில உக்காந்தே பாப்பேன்னு அவர் வாயாலயே சொன்னாரே” என்றாள். அப்பா வாசலில் நடந்த சிரிப்பை நினைவில் வைத்திருந்தார். “பொண்ணு ஊரை விட்டுப் போறது அவனுக்குப் பிடிக்கல. அதான் கதை” என்றார். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்திற்று என்று நான் வியந்தேன். அக்கா மட்டும், “அவர் அப்படிப் பண்ண மாட்டாருப்பா” என்றாள். சொன்னாலும், அதை அவள் உரக்கச் சொல்லவில்லை.

அப்பா கடைக்குப் போய் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டார். கடை முதலாளி தும்மலை வேலையை விட்டு நிறுத்தினார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கம்ப்யூட்டரை வீட்ல யார் யார் தொடுவீங்க?”

“இன்னும் என்னய்யா கேள்வி உனக்கு?” என்றார் அப்பா.

தும்மல் அப்பாவைப் பார்க்கவில்லை. நான் துணியோடு நின்றிருந்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரொம்ப சுத்தமா துடைச்சிருக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நான் பாராட்டு என்றே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் நம்பவில்லை. கம்ப்யூட்டரின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். வேலைக்குக் கிளம்பும்போது இணையக் கேபிளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் கழித்து அதை மறந்தாள். பாஸ்வேர்டை மட்டும் தினமும் மாற்றினாள். மாற்றியதும் என்னைக் கூப்பிடுவாள். “எழுதிக்கோ. உன்னைத் தவிர யாரையும் நம்ப முடியல” என்பாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். நான் புவியியல் நோட்டில் பழையதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுதுவேன். அந்தச் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. போன் பயிற்சி நின்றுபோயிருந்தது.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருப்பேன். ஆறேழு மாதத்தில் அக்கா தேறினாள். பரிசோதனை நிலையத்தில் யாரோ சொன்ன நகைச்சுவையை வீட்டில் நடித்துக் காட்டினாள். ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “என் படிப்புதான் போச்சு. உன்னையாவது திரும்பப் பள்ளிக்கூடத்துல உக்கார வைக்காம விடறதில்ல. நான் விசாரிச்சிட்டேன். விட்டவங்க சேர்ந்து படிக்கத் தனியா வகுப்பு இருக்காம். ஆனா வாசிக்கச் சொல்லுவாங்க. நாளையிலயிருந்து தினம் ஒரு பக்கம், சத்தமா” என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, பரிசோதனை நிலைய முதலாளிக்கு அக்கா வேலையை விடுவதாக எழுதினேன். போகிற போக்கில் அவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதினேன். அக்கா அவரைப் பற்றி வீட்டில் சொன்னவைதான், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் அந்த அசிங்க மெயிலை மறந்திருக்கவில்லை. மதியத்துக்குள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்ப வந்திருந்தது.

அன்றைக்கு அவள் யார் மேலும் சந்தேகப்படவில்லை. தும்மல்தான் ஊரிலேயே இல்லையே. வேறு ஊரில் ஏதோ கிடங்கில் அட்டைப் பெட்டி ஒட்டுகிறார் என்று கேள்வி.

“மெஷின்ல இல்லம்மா. எனக்குள்ளதான் ஏதோ வந்து உக்காந்திருக்கு” என்றாள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் அவள் மெதுவாக நடந்தாள், மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். “நான் இப்ப சேஃப் மோடுல ஓடறேன். அவசியமான ஆளுங்க மட்டும்தான் முழிச்சிருக்காங்க” என்றாள் ஒரு தடவை. அம்மா சிரிக்கப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அக்கா என் கையைப் பிடித்தாள். “நீ என் பக்கத்துலதானே படுக்கற. உண்மையச் சொல்லு. நான் தூக்கத்துல எழுந்து போய் அதுல எழுதறேனா? பாத்திருக்கியா?”

நன்றாக யோசித்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் அவள் மறுபடியும் தேட ஆரம்பிப்பாள்.

“தெரியல” என்றேன்.

அன்றைய ரேஷனில் அந்த ஒரு வார்த்தைதான்.

அதன் பிறகு அவள் வெளியே போவதை நிறுத்தினாள். கடைக்காரரோடு, பக்கத்து வீட்டாரோடு யாரோடும் பேசுவதில்லை. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டியதாயிற்று. “எனக்கு ரெண்டு வாயில்லாப் பூச்சி” என்று ஒரு நாள் யாரிடமோ சொன்னாள். இந்தத் தடவை அதில் பாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தேன். ஜன்னலோரம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து தெருவைப் பார்த்தோம். இரண்டு வருடம். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

போன வாரம் அப்பா கம்ப்யூட்டரைப் பழைய சாமான் எடுப்பவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். “சனியன் ஒழிஞ்சது” என்றார். மேசை காலியாக இருந்தது. நான் அதைத் துடைத்தேன். அக்கா அந்தக் காலி மேசையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அந்தப் புவியியல் நோட்டைக் குடு. கிழிச்சுப் போட்டுடலாம். இனிமே எதுக்கு?” என்றாள். பல மாதம் கழித்து அவள் பேசிய நீளமான பேச்சு அது.

அலமாரியைத் திறந்தபோது என் முதுகு அவள் பக்கம் இருந்தது. பின்பக்கத் தாள்களைக் கிழித்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. ஆறே தாள். கிழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய கடிதங்கள் ஒன்றுகூடத் தொலையவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். எழுத்தும் நன்றாக வந்திருந்தது.

அவள் முன்பக்கம் புரட்டினாள். கோடு போட்டு அடித்த பாஸ்வேர்டுகள், பக்கம் பக்கமாக. பிறகு நோட்டைத் திருப்பினாள். நேர்முகக் கடிதம் இருந்தது, தேதியோடு. அடுத்து, வணக்கம், நலம், நலமறிய ஆவல். அடுத்து, வருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். முதலாளிக்கு எழுதியது. ஆறு தாளையும் நிதானமாகப் படித்தாள். அவசரப்படவே இல்லை. படித்து முடித்ததும் இரண்டு புள்ளி வைத்த இடத்தில் விரலை வைத்தாள்.

அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தாள். சக்கரத்தில் தூசி இல்லை. நான்தான் வாரா வாரம் துடைத்து வைப்பேன். நாலு துணியை எடுத்து உள்ளே போட்டாள். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தாள். வாசலில் போய்ச் செருப்பு மாட்டினாள்.

அப்போதுதான் என் குரல் வந்தது.

“நான் தொடுவேன்” என்றேன். அடைப்பு எடுத்த குழாய் மாதிரி வந்தது. அம்மாவின் தையல் மெஷின் நின்றது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். “கம்ப்யூட்டரை நான் தொடுவேன்க்கா. நான்தான் தொட்டேன். எல்லாத்தையும் நான்தான் எழுதினேன். தும்மல் பண்ணல, நீ பண்ணல, வைரஸ் பண்ணல. நான்.” ஒரு திக்கல் இல்லை. இத்தனை வருடம் என்னிடமிருந்து ஒரு ஹலோவுக்காகக் காத்திருந்தவள் அவள். எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது.

அக்கா என்னைப் பார்த்தாள். பெட்டியின் கைப்பிடியை உயர்த்தினாள். படியிறங்கிப் போனாள். சக்கரச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கதவை அவள் சாத்தவில்லை. திரும்பி வருகிறவர்கள்தான் கதவைச் சாத்தாமல் போவார்கள். நான் திறந்தே வைத்திருக்கிறேன்.